வாங்கிக்கொள்ளும் தாழ்மை

நேயர்கள் எல்லாருக்கும் அன்பு வணக்கம்.

பெருமை, தாழ்மை என்ற இரண்டையும் பற்றிக் கிறிஸ்தவ விசுவாசம் என்ன சொல்கிறது என்று வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போதகர் இல்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுநாள் பள்ளியில், அதாவது கோவிலில் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது. அதனால் கதை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பைக் கேட்டதும் நேபுகாத்நேச்சார் வருவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பாபிலோனின் ராஜா. அரண்மனையில் உலாவிக்கொண்டே, 'இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா' என்றார். வார்த்தை வாயில் இருக்கும்போதே ராஜ்யம் போயிற்று, மாடுகளைப்போலப் புல் மேயப் போனார். 'அழிவுக்கு முன்னானது அகந்தை. விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை' என்று நீதிமொழிகளில் இருக்கிற வசனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். பிரசங்கத்தில் இந்தக் கதை வந்தால் சபையார் நன்றாகத் தலையாட்டுவார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? நம்மில் யார் பாபிலோன் கட்டினோம்? ஒரு ராஜாவின் பெருமையைக் கண்டிப்பதில் நமக்குக் கைக்காசு நஷ்டமில்லை. அவரைப் புல்வெளியிலேயே விட்டுவிடுவோம். நான் பேச வந்தது கோவிலுக்குள்ளே, மூன்றாவது பெஞ்சில், வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிற பெருமையைப் பற்றி.

இயேசு ஒரு கதை சொன்னார், லூக்கா எழுதியிருக்கிறார். இரண்டு பேர் ஜெபம்பண்ணத் தேவாலயத்துக்குப் போனார்கள். ஒருவன் பரிசேயன், அதாவது மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவன், மற்றவன் ஆயக்காரன், அதாவது ரோமருக்கு வரி வசூலித்துக் கொடுக்கிறவன். பரிசேயன் நின்றுகொண்டு சொல்கிறான்: நான் மற்றவர்களைப்போல் இல்லை, உமக்கு ஸ்தோத்திரம். வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன். சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, செலுத்திவருகிறேன்.

இந்த ஆளைப் பொய்யன் என்று நினைத்துவிடக் கூடாது. அவன் சொன்ன கணக்கு அத்தனையும் சரியாகத்தான் இருக்கும். மோசேயின் சட்டம் வருஷத்துக்கு ஒரு நாள் உபவாசம் கேட்டது, இவன் வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கிறான். இப்படி ஒரு ஆள் நம் சபையில் இருந்தால் பொருளாளர் பதவியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்போம். அப்படியானால் எங்கே தப்பு? அந்த ஜெபத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. கடவுளிடம் போய் நின்று, ஒன்றுமே கேட்காமல் வந்துவிட்டான். ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, 'தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்றான். அது முழுக்கக் கேட்பது. அவன்தான் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான் என்கிறார் இயேசு.

நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றுதான். பெருமை என்றால் மார்தட்டுவது, பிறரை மட்டமாகப் பேசுவது என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பக்தியுள்ளவர்களிடம் அது அப்படி வருவதில்லை. வாங்கமாட்டேன் என்று வருகிறது. நான் கொடுப்பேன், செய்வேன், சுமப்பேன், ஆனால் ஒருவரிடமும் கை நீட்டமாட்டேன் என்று வருகிறது. கேட்பதற்கு அது நல்ல குணம் மாதிரியே இருக்கும், அதனால்தான் பிடிபடாமல் தப்பித்துவிடுகிறது.

கொடுக்கிற பெருமைக்கு அடையாளம் வேண்டுமானால் எங்கள் பக்கத்துக் கோவில்களில் மேலே பாருங்கள். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதியிருக்கும். ஒரு இறக்கையில் 'அன்பளிப்பு', அடுத்ததில் கொடுத்தவர் பெயர், மூன்றாவதில் அவருடைய தாத்தா பெயர். காற்று வரும்போது பெயர் தெரியாது. மின்சாரம் போய், சபையார் எல்லாரும் வியர்த்து விசிறிக்கொண்டிருக்கும்போதுதான் உபயதாரர் யார் என்று வாசிக்க முடியும். பெஞ்சின் முதுகில் பெயர், பீடத்துக்கு விரித்த துணியின் ஓரத்தில் பெயர், காணிக்கைப் பையின் பிடியில் பெயர். புதுக் கோவில் பிரதிஷ்டை என்றால் கல்வெட்டில் யார் பெயர் யாருக்கு மேலே வரவேண்டும் என்பதில் வருகிற சண்டை, கோவில் கட்டி முடித்த பின்னாலும் ஓயாது. ஒரு சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரத்தில், கல்வெட்டை மறுபடி வெட்டினார்கள், பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிற சிலருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

சரி, பெயர் போடாமல் கொடுத்தால் பெருமை போய்விடுமா? அதுவும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் துறவிகள் நிறையப் பேர் இருந்தார்கள். சொத்தை விட்டு, ஊரை விட்டு, மணலில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, மனதுக்குள் வருகிற எண்ணங்களை உட்கார்ந்து கவனித்தவர்கள். எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனைக் கெடுக்கிற எண்ணங்கள் எட்டு என்று வரிசைப்படுத்தினார். பெருந்தீனி முதலில், பெருமை கடைசியில். பெருமைக்கு ஒரு படி முன்னே வீண்புகழ். வயிற்றை ஜெயித்தவனையும் காசாசையை ஜெயித்தவனையும் பிடிப்பதற்கென்றே இந்த இரண்டும் கடைசியில் காத்திருக்கின்றன. அந்தத் துறவிகளிடம் போய்த் தங்கிப் பாடம் கேட்டவர் காசியான். வீண்புகழை வெங்காயத்துக்கு ஒப்பிட்டு மூத்தவர்கள் சொன்னதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு தோலை உரித்தால் உள்ளே இன்னொரு தோல். நல்ல துணி உடுத்தினால் அதில் பெருமை, கந்தல் உடுத்தினால் கந்தலில் பெருமை. பேசினால் பேச்சில், வாய்மூடி இருந்தால் மௌனத்தில். உரிக்கிறவன் நானேயாக இருக்கும்வரை உரித்துத் தீராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஆளின் கை வேண்டியிருக்கிறது.

இப்போது நாகமானுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை, அவசரப்படாமல் சொல்லப்போகிறேன். இரண்டாம் ராஜாக்களின் புத்தகம், ஐந்தாம் அதிகாரம்.

நாகமான் சீரியா தேசத்துப் படைத்தலைவன். ராஜாவுக்கு வலது கை. தேசமே மதிக்கிற பராக்கிரமசாலி. இத்தனையும் சொல்லிவிட்டு வேதம் கடைசியில் ஒன்று சொல்கிறது: அவனோ குஷ்டரோகி. பட்டுக்கும் கவசத்துக்கும் உள்ளே புண்.

அவன் வீட்டில் ஒரு சிறுபெண் வேலைக்கு இருந்தாள். வேலைக்கு என்றால் சம்பளத்துக்கு இல்லை, இஸ்ரவேலில் கொள்ளையடிக்கப் போனபோது பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. பெயர்கூடச் சொல்லப்படவில்லை. அவள் தன் எஜமானியிடம், சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், ஐயா அவரிடம் போனால் நலமாயிருக்கும் என்கிறாள். தன்னைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்த வீட்டுக்காரனுக்கு நல்லது சொல்கிறாள். அந்தப் பிள்ளையைப் பற்றித் தனியாக ஒரு உரை பேசலாம். இன்று வேண்டாம்.

நாகமான் கிளம்புகிறான். எப்படி? 10 தாலந்து வெள்ளி, 6,000 சேக்கல் பொன், 10 மாற்று வஸ்திரம். ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்படியானால் வெள்ளி மட்டும் 340 கிலோ. பொன் 70 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பவுன் இன்றைக்கு விற்கிற விலையில் அதைப் பெருக்கிப் பார்க்காதீர்கள், அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும். அதோடு ராஜாவின் சிபாரிசுக் கடிதம் வேறு. ஒரு பெரிய மனுஷன் வைத்தியத்துக்குப் போவதென்றால் இப்படித்தான். மேலிடத்துக் கடிதம், கைநிறையப் பணம். யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை பாருங்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்தது இஸ்ரவேலின் ராஜாவிடம். அவர் அதை வாசித்துவிட்டுத் தன் உடையைக் கிழித்துக்கொண்டார். கொல்லவும் உயிர்ப்பிக்கவும் நான் தேவனா, என்னோடு சண்டைக்குச் சாக்குத் தேடுகிறான் என்றார். தீர்க்கதரிசி எலிசா கேள்விப்பட்டு, அவனை என்னிடம் அனுப்பும் என்று ஆள் அனுப்பினார்.

நாகமான் குதிரைகளோடும் ரதத்தோடும் எலிசாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தெருவே கூடியிருக்கும். இப்போது என்ன நடக்க வேண்டும்? வீட்டுக்காரர் ஓடி வந்து வணங்க வேண்டும், இல்லையா? எலிசா வெளியே வரவே இல்லை. ஒரு ஆளை அனுப்பி, யோர்தானில் போய் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

நாகமானுக்கு வந்ததே கோபம்! அவர் வெளியே வந்து, நின்று, தம் தேவனுடைய நாமத்தைத் தொழுது, அந்த இடத்தைக் கையால் தடவி நீக்கிவிடுவார் என்று நினைத்திருந்தேனே என்கிறான். பாருங்கள், சுகம் வேண்டும், ஆனால் எப்படிச் சுகம் கொடுக்க வேண்டும் என்பதையும் அவனே எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அப்புறம் ஆற்றைப் பிடித்துக்கொண்டான். தமஸ்குவின் நதிகளாகிய ஆப்னாவும் பர்பாரும் இஸ்ரவேலின் தண்ணீர் எல்லாவற்றையும்விட நல்லதல்லவா என்றான். அதிலும் பொய்யில்லை. ஆப்னா என்பது மலையிலிருந்து இறங்கித் தமஸ்கு நகரத்துக்குப் பசுமை கொடுக்கிற பரதா ஆறுதான் என்கிறார்கள். யோர்தான் பல இடங்களில் கலங்கல் தண்ணீர், அகலமும் பெரிதில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் புனிதப் பயணம் போய்வந்து, 'இதுதானா யோர்தான், நம்ம தாமிரபரணி எவ்வளவோ மேல்' என்று சொன்னபோது, நாகமானுக்குச் சொந்தக்காரரோ என்று நினைத்துக்கொண்டேன். தாமிரபரணி மேல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, அது வேறு விஷயம்.

உக்கிரத்தோடே ரதத்தைத் திருப்பிவிட்டான். இந்த இடத்தில்தான் அந்தக் கதையின் உயிர் இருக்கிறது. ஊழியக்காரர் கிட்ட வந்து, 'தகப்பனே' என்று கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள். அந்தத் தீர்க்கதரிசி ஒரு பெரிய காரியத்தைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா? ஸ்நானம்பண்ணும், சுத்தமாவீர் என்றுதானே சொன்னார்?

இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நாகமான் என்ற பெரிய படைத்தலைவன், சுகம் தேடி வந்தவன், வழி சுலபமாக இருக்கிறது என்பதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறான். பெரிய காரியம் என்றால் செய்திருப்பான். நாற்பது நாள் உபவாசம் என்றால் இருந்திருப்பான், ஒரு கோட்டையைப் பிடித்துத் தா என்றால் பிடித்திருப்பான். ஏனென்றால் அப்போது சுகம் அவன் சம்பாதித்த சுகம். 340 கிலோ வெள்ளி கொடுத்தால் அவன் வாங்கிய சுகம். குளிக்கச் சொன்னால்? எவனும் குளிக்கலாம். அடிமைப் பிள்ளையும் குளிக்கும். அதில் படைத்தலைவனுக்கு என்ன இருக்கிறது?

கடைசியில் இறங்கினான். ஏழுதரம் முழுகினான் என்று ஒரே வரியில் வேதம் முடித்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் நான் இதை நடித்தே காட்டுவேன். இனி சொல்வது வேதத்தில் இல்லை, என் கற்பனை. முழுகுவதென்றால் கவசத்தைக் கழற்ற வேண்டும். பட்டாடையை அவிழ்க்க வேண்டும். இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாமல் மூடி வைத்த புண்ணை, சம்பளத்துக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால் காட்ட வேண்டும். ஒரு முறை முழுகி எழுந்து கையைப் பார்த்திருப்பான், அப்படியே இருந்திருக்கும். இரண்டாம் முறை, அப்படியே. நான்காவது முறை கரையில் நிற்கிற ஒருவன் இன்னொருவன் காதில் ஏதோ சொல்லியிருப்பான். ஆறாவது முறையும் அதே புண், அதே கலங்கல் தண்ணீர். ஆறாவதோடு கரையேறியிருந்தால் கேலிக்கு ஆளானதுதான் மிச்சம்.

ஏழாவது முறை எழுந்தபோது அவன் மாம்சம் ஒரு சிறுபிள்ளையின் மாம்சத்தைப்போல மாறியிருந்தது. கதையைத் தொடங்கி வைத்தவளும் ஒரு சிறுபிள்ளைதானே.

இன்னும் முடியவில்லை. திரும்ப எலிசாவிடம் வருகிறான். காணிக்கை வாங்கிக்கொள்ளும் என்று வருந்திக் கேட்கிறான். எலிசா, வாங்கமாட்டேன் என்று ஆணையிட்டுச் சொல்லிவிட்டார். வந்த வெள்ளி வந்தபடியே திரும்புகிறது. அப்போது நாகமான் என்ன செய்தான் தெரியுமா? அந்த ஊர் மண்ணில் இரண்டு கோவேறு கழுதைச் சுமை எனக்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்கிறான். கொடுக்க வந்தவன், கேட்கிறவனாக ஊருக்குத் திரும்புகிறான். 70 கிலோ பொன்னோடு வந்தவனுக்கு இப்போது மண் வேண்டியிருக்கிறது. எலிசா எதிரே வராததற்கு நாம் ஆயிரம் காரணம் சொல்லலாம். என் எண்ணம், தோல் சுகமாவதற்கு முன்னால் இந்தக் கேட்கிற வாய் அவனுக்குத் திறக்க வேண்டியிருந்தது.

இந்த நாகமானைப் பற்றி நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு ஒரு வரி பேசினார். இஸ்ரவேலில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தார்கள், சீரியனாகிய நாகமானே சுத்தமானான் என்றார். கேட்டவர்கள் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். சொந்த ஊர் ஜனங்கள்! வெளியூர்க்காரனுக்குக் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்?

கேயாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், எலிசாவின் வேலைக்காரன், பின்னாலே ஓடிப்போய்ப் பொய் சொல்லி வெள்ளியும் உடுப்பும் வாங்கி மாட்டிக்கொண்டவன். நேரம் இருந்தால் பார்ப்போம்.

அடுத்தது பேதுரு, இயேசுவின் சீஷர்களில் முக்கியமானவர். இயேசு சிலுவைக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, சாப்பாட்டிலிருந்து எழுந்து, இடுப்பில் ஒரு சீலையைக் கட்டிக்கொண்டு, சீஷர்களுடைய கால்களைக் கழுவத் தொடங்கினார். பாலஸ்தீனத்துப் புழுதியில் நடந்த கால்கள். பேதுருவின் முறை வந்தபோது அவர் சொன்னார்: நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது. எவ்வளவு பணிவான பேச்சு! குருவைக் காலைத் தொட விடுவேனா என்கிறார். ஆனால் இயேசு அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளவில்லை. 'நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்றார். பேதுரு மற்ற இடங்களில் வாங்கிய கண்டிப்பு உண்டு, ஆனால் பங்கில்லை என்ற சொல் இங்கேதான் வருகிறது.

பெரிய வியாழனன்று, அதாவது ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, கத்தோலிக்கக் கோவில்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்துக் குருவானவர் கழுவித் துடைப்பார். எல்லாரும் குருவானவரைத்தான் பார்க்கிறோம், எவ்வளவு தாழ்மை என்று. உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு பேரைக் கொஞ்சம் பாருங்கள். கூச்சத்தில் கால் விரலை மடக்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, புதுச் செருப்பில் வந்திருப்பார்கள். அழுக்கோடு காலை நீட்ட யாருக்கும் மனம் வராது. 2013ஆம் வருஷம், போப் பிரான்சிஸ் பொறுப்பேற்ற அதே மாதம், பெரிய வியாழனன்று ரோமாபுரியில் கசால் தெல் மார்மோ என்ற சிறார் சீர்திருத்தச் சிறைக்குப் போய், அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகள் 12 பேருடைய பாதங்களைக் கழுவினார். உலகப் பத்திரிகை எல்லாம் போப்பைப் பற்றி எழுதியது, சரிதான். எனக்கு அந்தப் பிள்ளைகளின் நினைப்புத்தான் வந்தது. வாழ்க்கையில் யாரிடமும் மரியாதையாக எதையும் வாங்கிப் பழகாத பிள்ளைகள் அந்த நிமிடத்தில் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ.

என் அத்தை ஒருவர் நர்ஸாக இருந்தார்கள். எத்தனை நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிட்டிருப்பார்கள், கணக்கே இல்லை. முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வெந்நீரும் துவாலையும் கொண்டுவந்து துடைத்துவிடுவாள். அத்தை நல்ல கையால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். விடவே மாட்டார்கள். துடைத்து முடித்ததும், தலையணைக்கு அடியில் இருக்கிற பர்ஸை எடு, உன் காசை எடுத்துக்கோ என்பார்கள். அந்தப் பெண் வேண்டாம் பெரியம்மா என்றால், அப்படியானால் நாளைக்கு வராதே என்பார்கள். 'யாருக்கும் பாரமாக இல்லாமல் ஆண்டவர் என்னை எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று ராத்திரி ஜெபம் வேறு. இந்த ஜெபத்தை எத்தனை வீட்டில் கேட்கிறோம்! நாம் அதற்கு ஆமென் போடுகிறோம். பாரமாக இருக்கக் கூடாது என்பதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பெருமை என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. பல நாள் கழித்து ஒரு சாயங்காலம் நான் திண்ணையில் இருந்தேன். உள்ளேயிருந்து அத்தை குரல் கேட்டது: 'முதுகுலயும் கொஞ்சம் நல்லாத் தேய்ச்சு விடு பிள்ள.' அன்றைக்குப் பர்ஸ் பேச்சு இல்லை.

உயிர்த்தெழுந்த பிறகு இயேசு இதே பேதுருவிடம், 'நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய். வேறொருவன் உன் அரையைக் கட்டுவான்' என்கிற பொருளில் பேசினார். பேதுரு இரத்தசாட்சியாக மரிக்கப்போவதைச் சொன்னார் என்று யோவானே விளக்கம் எழுதிவிட்டார், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் காலைக் கழுவ விடமாட்டேன் என்ற மனுஷனுக்கு, உன் உடுப்பையே இன்னொருவன் கட்டிவிடுகிற நாள் வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இந்த வசனத்தை வாசித்தால் வேறு மாதிரி கேட்கும்.

இனி நம் ஊர்ச் சங்கதி ஒன்று. கசப்பானதுதான். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் சாதி இருந்தது, இருக்கிறது. இதை ஏன் பெருமையைப் பற்றிய பேச்சில் கொண்டுவருகிறேன் என்றால், சண்டை முக்கியமாக எங்கே வந்தது பாருங்கள்: நற்கருணைப் பாத்திரத்தில், அதாவது ஆராதனையில் எல்லாரும் பகிர்ந்து குடிக்கிற திராட்சரசக் கிண்ணத்தில். ஒரே பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது, யார் குடித்த பிறகு யார் குடிக்கமாட்டார் என்பதில். கல்கத்தாவின் பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833இல், சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, முடிவாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவின் இரத்தம் என்று விசுவாசிக்கிற அந்தப் பாத்திரத்தையே, இன்னார் கை வழியாக, இன்னார் வாய்க்குப் பின்னால் என்றால் வேண்டாம் என்றார்கள். நாகமானுக்கு யோர்தான் பிடிக்காததைப் போலத்தான்.

எங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலில் இரண்டு கூடங்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றச் சாதியார், நடுவே தடுப்பு. பீடம் மட்டும் பொது. காலுசட்டைக் கோவில் என்று கேலிப்பெயர் வந்துவிட்டது. 1910இல் கௌசானல் அடிகளார் தடுப்பை எடுத்துவிட்டார். சும்மா விட்டார்களா? வழக்குப் போட்டார்கள், மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போனது. பிரிந்து உட்காரும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கோவில் சுவர் போயிற்று, சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சுவர் இன்னும் நிற்கிறது. செத்தவன் யாரிடம் என்ன வாங்கிவிடப்போகிறான், தெரியவில்லை.

சமாரியாவில் ஒரு கிணற்றடியில் இயேசு களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம், 'தாகத்துக்குத் தா' என்று கேட்டார். அவளுக்கு ஆச்சரியம், யூதர் சமாரியர் பாத்திரத்தில் புழங்கமாட்டார்களே. அவளுக்கு ஜீவத்தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அவளிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டார். தாழ்மைக்குப் பாதம் கழுவியதை எல்லாரும் சொல்கிறோம். தண்ணீர் கேட்டதை யாரும் சொல்வதில்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் அசனப் பண்டிகை உண்டு. அந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஊர் முழுவதும் வரி போட்டு, அரிசியும் ஆடும் காய்கறியும் காணிக்கையாக வந்து, பெரிய பெரிய அண்டாக்களில் பொங்கி, எல்லாருக்கும் ஒரே சோறு. சோற்றை ஓலைப்பாயில் மலை மாதிரிக் கொட்டி வைத்திருப்பார்கள். ஐயர், அதாவது சபையின் போதகர், ஜெபம்பண்ணியதும் பந்தி. வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அண்டா பக்கத்தில் நின்று கரண்டி போடுவதற்கு எத்தனை பெரிய மனுஷர் வருவார்கள் தெரியுமா! துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் பரிமாறுகிறேன், நான் பரிமாறுகிறேன் என்பார்கள். நல்லதுதான். ஆனால் வாளியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். ஒரு ஆள் நிற்கமாட்டார். அவருக்குத் தூக்குச்சட்டியில் தனியாக வீட்டுக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் அசனத்தின் ஆசீர்வாதம் அந்த வரிசையில்தான் இருக்கிறது, முன்னால் கோவில் வேலை பார்க்கிற கோவில்குட்டி, பின்னால் பனையேறுகிறவர், நடுவில் நீங்கள், கையில் ஒரு வாளி, இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்க அண்ணாச்சி என்று கேட்டுக்கொண்டு…

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். கேயாசி போச்சு. பவுலுக்கு என்று ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன், அதுவும் போச்சு. வேகமாகச் சொல்கிறேன்.

அப்போஸ்தலன் பவுல் கூடாரத் தொழில் செய்து தன் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டவர். கொரிந்து சபையாரிடம், நான் உங்களில் ஒருவருக்கும் பாரமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அதில் கொஞ்சம் ரோஷமும் தெரியும். அதே பவுல் பிறகு காவலில் இருக்கும்போது, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி அனுப்புகிறார்கள். அந்த மனுஷர் வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டுச் சாகப்பிழைக்கக் கிடந்தார். பவுல் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு நன்றி எழுதுகிறார். அந்த நன்றிக் கடிதத்தில்தான், கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்ற பெரிய பகுதி இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. எல்லாரும் அந்தப் பகுதியை மனப்பாடமாகச் சொல்வோம். நாலாம் அதிகாரத்தை விட்டுவிடுவோம். அங்கேதான் வந்து சேர்ந்த உதவிக்கு ரசீது மாதிரி ஒரு வரி எழுதுகிறார், எல்லாம் எனக்குக் கிடைத்தது என்று. ஆனால் எழுதும்போது அவருக்குக் கொஞ்சம் கூச்சம். ஒரு வரியில் நன்றி சொல்கிறார், அடுத்த வரியில் எனக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை என்கிறார், மறுபடியும் நன்றி சொல்கிறார். பவுலுக்கே வாங்குவது அவ்வளவு சுலபமாக வரவில்லை. பிலிப்பியர் நாலாம் அதிகாரம், 10ஆம் வசனம் முதல் 20 வரை. வீட்டில் எடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், அந்தக் கூச்சம் காதில் விழும்.

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். பொறுமையாகக் கேட்ட நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.